அண்ணனூர்ப் பிள்ளைகளின் ஆட்ட விதிகளும் அரைக் கிலோ கமர்கட்டும்

அண்ணனூர்,
ஞாயிறு மாலை.

மாப்பிள்ளை உதயகுமார் அவர்களுக்கு ஜானகிராமன் எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கு எல்லோரும் சுகம். தங்கள் சுகமும் தங்கை ராணியின் சுகமும் அறிய ஆவல். எழுதப் போவதை நான் குழப்பிவிடக் கூடும் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நான் வகுத்த விதிகள்.
2. அவற்றுக்கு வந்த எதிர்ப்பு.
3. கமர்கட்டால் விளைந்த நன்மை.
4. வெளியிலிருந்து கத்துவதால் ஆடும் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லை என்பதற்கு நிரூபணம்.

எங்கள் நகர்ச் சங்கத்தார் பிள்ளைகளின் கூடைப்பந்துக்கு உடல்நல விதியும் ஆட்ட விதியும் எழுதித் தரச் சொன்னபோது, "பந்தையே தொடாத மச்சானா?" என்று போனில் சிரித்தீர்கள். நியாயமான சிரிப்பு. தொழிற்சாலையில் திருகாணிக்குத் தரம் பார்த்தவனுக்குப் பிள்ளைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நானும்தான் பயந்தேன். ஆனாலும் நாலு புத்தகம் படித்து, டாக்டரையும் கேட்டு எழுதினேன். சின்னவர்களுக்குச் சின்னப் பந்து, தாழ்ந்த வளையம், சாப்பிட்ட கையோடு ஓடக்கூடாது, மூச்சு வாங்கினால் உட்காரலாம், யாரும் திட்டக்கூடாது, பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் ஆட வேண்டும், பெற்றோர் கத்தக்கூடாது.

எல்லோரும் ஆட வேண்டும் என்றதும் பயிற்சியாளர் கன்னியப்பன் கொதித்துவிட்டார். "இன்னா சார், அந்த ஃபிசா பொண்ணு வருஷம் பூரா பெஞ்சுல குந்திகினு கீது. அத்த எறக்குனா கொரட்டூர் பசங்க நம்மள தொவச்சுத் தொங்கவுட்ருவானுங்க." ஃபிசா எதிர்வீட்டுக் குல்ஷனின் மகள், உயரம் குறைவு. ஒரு வருடமாக மற்றவர்களின் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். சங்கச் செயலாளர் வரலட்சுமி தீர்ப்புச் சொன்னார்: கொரட்டூரோடு ஆடித் தோற்றால் என் விதிகள் ரத்து. அதாவது, ஃபிசா மறுபடியும் பாட்டில்களுக்குக் காவல்.

இன்று காலை ஆட்டம். கத்தாதீர்கள் என்று நம் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்ல எனக்குத் தைரியம் ஏது? அரைக் கிலோ கமர்கட் வாங்கிப்போய் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், கன்னியப்பனுக்கு மட்டும் இரண்டு. ஒருமுறை கடித்துவிட்டால் அது லேசில் வாயைத் திறக்க விடாது, உங்களுக்கே தெரியும். கொரட்டூர்ப் பெற்றோர் "பாஸ் பண்ணுடா", "ஓடுடா", "ஏன்டா ஓடுற" என்று ஆளுக்கொரு கட்டளை போட, பாவம், அவர்கள் பிள்ளைகள் பந்தைப் பார்ப்பதா அப்பாவைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள். நம் பிள்ளைகள் பந்தை மட்டும் பார்த்தார்கள். கன்னியப்பன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார், "ம்ம்" என்பதற்கு மேல் வரவில்லை. கடைசி நிமிடம், ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து ஃபிசாவிடம் வந்தது. போட்டாள். விழுந்தது. வென்றோம், மாப்பிள்ளை! கமர்கட்டைத் துப்பிவிட்டுக் கன்னியப்பன் சொன்ன முதல் வார்த்தை: "அடுத்த மேட்ச்சுக்கும் இந்தப் பொண்ணுதான் சார்." என் விதிகள் நிலைத்துவிட்டன. நான்காவதும் இத்துடன் நிரூபணம்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் மூச்சு வாங்காமல் நெடுநாள் வாழ்க.

அன்புடன்,
ஜானகிராமன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும்முன் குல்ஷனிடம் படித்துக் காட்டினேன். "அல்லாம் கரெக்டு சார். ஆனா மேட்ச்ல கத்துனது யாரு?" என்றாள். பல்செட் காரணமாக நான் மட்டும் கமர்கட் போட்டுக்கொள்ளவில்லை. பந்தோடு யாரிடம் தள்ளிவிடலாம் என்று ஃபிசா விழித்து நின்றபோது, நாற்காலி கவிழ எழுந்து, "நீயே போடும்மா" என்று கத்தியிருக்கிறேன். ஃபிசாவையே கேட்டேன். "தாத்தா, நீங்க சொல்லலேன்னா பாஸ் பண்ணிருப்பேன்" என்கிறாள். ஆகவே மேலே கண்டவற்றில் முதல் மூன்றும் சரி. நான்காவது தவறு.