மூன்று நாள் மாத்திரை விரதம்

நெய்வேலி
ஜூன் 2021

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சிங்காரவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை கனகத்தின் வீட்டுக்காரன் குமரவேல் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நலம், என் வாயில் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் இல்லை. பண்ருட்டியில் அக்காவும் பிள்ளைகளும் முந்திரி வியாபாரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசலாம்தான். இந்தக் குவார்ட்டர்ஸில் எங்கே நின்று பேசினாலும் கனகத்தின் காதில் விழும்; வாயும் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அதனால் எழுதி, படம் பிடித்து உங்கள் மகன் ஹரியின் போனுக்கு அனுப்புகிறேன்.

விஷயம் கொரோனா ஊசி. எங்கள் பிளாக்கில் போன மாதம் மட்டும் மூன்று வீட்டில் பந்தல்கூடப் போடாமல் காரியம் முடிந்தது. கனகத்துக்குச் சர்க்கரை இருப்பதால் தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அவளோ, இங்கே பல வீட்டில் நடப்பதுபோல, புருஷனை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்று நின்றாள். "நீங்க போட்டுக்கினு மூணு நாளு ஒரு மாத்திரையும் முழுங்காம நல்லா இருங்க. நாலாம் நாளு நானும் வர்றேன்" என்றாள். மாத்திரை கூடாது என்பது எதிர்வீட்டு ஜெரால்டு போட்ட சட்டம். மைன்ஸில் நிலக்கரி பெல்ட் ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஊசியும் மாத்திரையும் உள்ளே சண்டை போட்டு ஆளை முடித்துவிடும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஊசி போட்ட நர்ஸ் மெர்லின், வலித்தால் பாரசிட்டமால் போடலாம், ஒன்றும் ஆகாது என்று தெளிவாகத்தான் சொன்னார். அதை நான் ஒருவன்தான் கேட்டேன். ஜெரால்டு சொன்னதைப் பிளாக்கே கேட்டது.

ஊசியால் எனக்குக் கை கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு மாதமாக முனகிக்கொண்டிருந்த பல், பிடுங்கப் பயந்து நான் தள்ளிப்போட்ட பல், அன்று சாயங்காலம் பார்த்து விசுவரூபம் எடுத்தது, முதல் நாளைக் கிராம்பிலும் உப்புத் தண்ணீரிலும் ஓட்டினேன், இரண்டாம் நாள் மதியம் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாரசிட்டமால் போட்டேன், சாயங்காலம் இன்னொன்று, வலி விட்ட சந்தோஷத்தில் அட்டையைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டேன், மறுநாள் துவைக்க எடுத்தவள் அட்டையோடு வந்து நின்றாள், அதற்குள் கன்னமும் உள்ளே பலாச்சுளையை அடக்கியதுபோல் வீங்கிவிட்டது. பல்வலி என்றேன். "பல்லுன்னு சொல்லிக்கினு ஊசி செஞ்சத மறைக்கிறீங்களா?" என்றாள். டார்ச் அடித்து வாயைக் காட்டினேன். எல்லாப் பல்லும்தான் கறுப்பாக இருக்கிறது, இதில் எது என்று கேட்டாள். முப்பது வருஷப் புகையிலை செய்த வேலை. கடைசியில் லாக்டவுனிலும் திறந்திருந்த ஒரு பல் கிளினிக்கைத் தேடிப் போய்ப் பிடுங்கி, பல்லைக் காகிதத்தில் மடித்து வந்து சாட்சியாக மேசைமேல் வைத்தேன். குனிந்து பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, ஊசி பல்லையே கழட்டிடுச்சு" என்றாள். நாலாம் நாளும் போனது, அவளுக்கு வாங்கிய டோக்கனும் போனது.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். வலி தாங்கவில்லை என்று சொல்லி அவள் கண்ணெதிரிலேயே முழுங்கியிருக்கலாம். ஒளிந்து போட்டதுதான் அவளை மிரட்டிவிட்டது. வியாழக்கிழமை மறுபடி முகாம். அவள் உங்கள் பேச்சை மட்டும்தான் தட்டமாட்டாள். எப்படியாவது நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். முந்திரிப்பருப்பு வேண்டாம், என்னால் மெல்ல முடியாது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் பல்லும் உடம்புமாக நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குமரவேல்

பி.கு.: 'இவ்விடம் நலம்' என்பதை அடித்துவிட்டுப் படியுங்கள். படம் பிடிக்கப் போனபோது பருப்பு தீய்ந்த நாற்றம் முன்னறை வரைக்கும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கனகம் அடுப்பண்டையே நின்று கிண்டிக்கொண்டிருக்கிறாள். நாற்றம் தெரியவில்லையா என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள். நெற்றியைத் தொட்டேன், கொதிக்கிறது. அந்த அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தேன். ஒரு கேள்வி கேட்காமல் முழுங்கினாள். டெஸ்டுக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் வர வேண்டாம்.