பாவு தீர்ந்தால் எழுந்திருப்பார்

பிறருக்கு உதவி செய்தே தீருவேன் என்ற வெறி ஒரு மனிதனுக்குத் திடீரென்று பிடித்துவிட்டால், அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. எனக்கு அந்த வெறி முப்பத்தோராவது வயதில் பிடித்தது. மாட்டிக்கொண்டவர் ஆரணியில் பட்டுச்சேலை நெய்யும் ஏழுமலை.

அப்போது நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஆரணிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதித்து, பவர் எழுதி, கண்ணாடி செய்து கொடுக்கும் வேலை. ஊரில் எல்லோருக்கும் நான் 'கண்ணாடி சார்'. அடுத்தவர் பார்வையில் கால் பாயின்ட் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். (இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள். பின்னால் என்னை அவமானப்படுத்த உதவும்.)

வீட்டிலிருந்து கடைக்கு நடந்து போகும் வழியில் ஒரு ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல். உள்ளே ஒருவர் பட்டு நெய்துகொண்டிருப்பார். காலையில் போகும்போதும் இருப்பார், சாயங்காலம் வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்த ஒரே தறி பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தது. அதில் ஆள் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு நெய்தார். இங்கேயோ பெஞ்சும் இல்லை, தொங்கும் காலும் இல்லை. தரையிலிருந்து இடுப்பு, இடுப்புக்கு மேல் ஏழுமலை. அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு அவர் அடிக்கடி தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி, முகத்தைச் சுளிப்பார். நூல் அறுந்தால் மனைவி காஞ்சனா ஓடிவந்து முடிந்து கொடுப்பார். இரண்டு கால்களும் இல்லாத மனிதர், வலியைப் பொறுத்துக்கொண்டு நாள் முழுக்க உழைக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு தெளிவாகப் புரிந்தது என்றால், அன்று கடையில் இரண்டு பேருக்குக் கண்ணாடியை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் சபையில் வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், மதம் பார்க்காமல், ஊரில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்கு உதவி செய்வார்கள். அந்த வருடம் அவருக்குச் சக்கர நாற்காலி வாங்க வேண்டும் என்று பாஸ்டரிடம் போய் நின்றேன். பாஸ்டர் நிதானமான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே (நான் செய்து கொடுத்ததுதான்) கேட்டார்.

"அவங்க என்ன வேணும்னு கேட்டாங்க, பிரதர்?"

"வாயைத் திறந்து கேட்கவே மாட்டாங்க ஐயா. அப்படிப்பட்ட மானஸ்தங்க."

"நீங்க கேட்டீங்களா? ரெண்டு பேர் வீட்டுக்குப் போய், உக்காந்து பேசிட்டு வந்து சொல்றதுதான் நம்ம சபை வழக்கம்."

"பார்த்தாலே தெரியுது ஐயா!"

உண்மையைச் சொன்னால், இந்த வழக்கத்தின் மேல் எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. அன்புக்கு எதற்கு விசாரணைக் கமிஷன் என்று வீட்டில் வசனம் பேசினேன். என் மனைவி ஷீபா, "போய் ஒரு வார்த்தை கேட்டா வாயா வலிக்கும்?" என்றாள். இரண்டு பேர் போக வேண்டிய இடத்துக்கு நான் ஒருவனே போனேன்.

காஞ்சனா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். கால் என்ற சொல்லையே அந்த வீட்டு வாசலில் உச்சரிக்கக் கூடாது என்று மனத்துக்குள் தீர்மானம் போட்டிருந்தேன். அவர் மனம் புண்பட்டுவிடுமே! அதனால் சுற்றி வளைத்தேன்.

"அண்ணன் கொஞ்சம் வெளியே வருவாரா?"

"இப்ப எழுந்துக்க முடியாதுங்களே சார். பாவு தீந்தாத்தான் எழுந்துப்பாரு."

தறியில் நீளவாக்கில் பூட்டியிருக்கும் நூலுக்குப் பாவு என்று பெயர். அது நெய்து முடிகிற கட்டத்தில் இருந்தால், பாதியில் எழுந்திருக்க யாருக்கும் மனசு வராது. இது ஆரணியில் பால்குடிக்கிற பிள்ளைக்குக் கூடத் தெரியும். என் காதில் விழுந்ததோ 'பாவம் தீர்ந்தால்தான் எழுந்திருப்பார்' என்று. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. அவர் என்ன பாவம் செஞ்சார்?" என்று தழுதழுத்தேன். காஞ்சனா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"கண்ணாலம் ஆனதுலருந்து இப்டித்தாங்க. காலையில உக்காந்தார்னா அவ்ளோதான். சோறு கூட நான்தான் கொண்டாந்து குடுக்கணும். ஒரே பேஜாரு!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். துயரத்திலும் சிரிக்கும் அந்தப் பெண்மணியை நினைத்து வழியெல்லாம் கண் கலங்கினேன்.

அன்று மாலையே சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். நான்கு நிமிடம். "இரண்டு கால்களும் இல்லாத நம் சகோதரர் ஏழுமலை..." என்று ஆரம்பித்து, இரண்டு இடத்தில் விம்மினேன். (ஒரு விம்மல் நிஜம். இன்னொன்று நன்றாக வந்ததால் சேர்த்துக்கொண்டது.) மக்கள் உருகிவிட்டார்கள். ஒரே வாரத்தில் நல்ல உறுதியான சக்கர நாற்காலி வந்து இறங்கியது. குரல் பதிவு எங்கள் குழுவைத் தாண்டி எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். சக்கரங்களுக்குச் சிவப்பு ரிப்பன், கைப்பிடியில் வாழ்த்து அட்டை, பின்னால் ஷீபா, பாடகர் குழு நாலு பேர், தட்டிப் பாட ஒரு டாம்பரின், ஒரு பிளம் கேக். பாஸ்டர் கடைசியாக ஒருமுறை, "அவங்களுக்குத் தெரியும்ல, பிரதர்?" என்றார். "சர்ப்ரைஸ் ஐயா," என்றேன். பாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

தெருவே கூடிவிட்டது. பாட்டோடு வீட்டுக்குள் நுழைந்தோம். அறைக்குள் நல்ல இருட்டு. ஏழுமலை வழக்கம்போலத் தறியில் இருந்தார். ரிப்பன் கட்டிய வண்டியையும் டாம்பரினையும் பார்த்து மலங்க மலங்க விழித்தார்.

"நீங்க எழுந்திருக்க வேண்டாம் அண்ணா!" என்று கையை உயர்த்தினேன்.

"அட, ஐயா வந்துகினு இருக்காரு, நான் உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே, பாஸ்டருக்கு மரியாதை செய்யும் விதமாக, இரண்டு கையையும் தரையில் ஊன்றி ஏழுமலை எழுந்தார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். என்னைவிட அரையடி உயரம்.

பாட்டு நடுவில் நின்றுவிட்டது. பாடகர் குழுவில் ஒரு அம்மா, "அல்லேலூயா!" என்று அலறி அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அந்த நொடியிலும் புத்தி வரவில்லை. ஐயோ விழப்போகிறாரே என்று அவரைத் தாங்கிப்பிடிக்கப் பாய்ந்தேன். பாய்ந்த இடத்தில் தரை இல்லை. ஆரணியில் பட்டு நெய்பவர்களில் பலர் தரையில் ஒரு குழி எடுத்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதித்துத்தான் நெய்கிறார்கள் என்ற செய்தி எனக்குக் கணுக்கால் வழியாகத் தெரியவந்தது.

மளுக்கென்று ஒரு சத்தம். இடுப்பு வரை குழிக்குள் நின்றேன். இப்போது ஜன்னல் வழியாக யார் பார்த்தாலும் எனக்குத்தான் கால் இல்லை.

"பாவு மேல கை வெச்சிடாதீங்க சார்!" என்று கத்தினார் காஞ்சனா. நல்லவேளை, வைக்கவில்லை.

அதே நேரம் ஏழுமலையின் போன் அடித்தது. அவர் அதைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைச் சுளித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்து, "யாருன்னு பாரு," என்றார். காஞ்சனா பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவர்களுக்குப் பட்டும் பாவும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி.

"இன்னா ஏழுமல, உனுக்கு ரெண்டு காலும் போச்சாமே? யாரோ அழுதுகினே பேசி அனுப்பிகிறாங்க. அடுத்த பாவு வேற ஆளுக்குக் குடுத்துடட்டுமா?"

ஏழுமலையின் முகம் வெளுத்துவிட்டது. அதை நான் குழிக்குள்ளிருந்து, மிகக் கிட்டத்தில் பார்த்தேன். பாவு வரவில்லை என்றால் அந்த வீட்டில் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். உதவி செய்கிறேன் என்று வந்து ஒரு மனிதரின் பிழைப்பிலேயே கை வைத்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கணுக்கால் வலியே மறந்துபோயிற்று.

"ரெண்டும் கீது மொதலாளி," என்றார் ஏழுமலை. "ஜல்தியா நேர்லயே வந்து காட்டறேன்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். என் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி, ரிப்பன் கட்டிய நாற்காலியில் உட்கார வைத்தார். எங்களை இறக்கிவிட்ட ஆட்டோ போய்விட்டிருந்தது.

"டாக்டராண்ட போலாம் சார். மொதலாளி கடை வழியா போனா கொஞ்சம் சுத்து. பரவால்லீங்களா?"

கணுக்கால் இட்லி மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. "எத்தனை சுத்து வேணும்னாலும் போங்கண்ணா," என்றேன்.

கால் இல்லாதவர் தள்ள, நான் போனேன். மடியில் கேக் டப்பா. பின்னால் பாஸ்டர், ஷீபா, பாடகர் குழு. குரல் பதிவைக் கேட்டிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "பாவம், சின்ன வயசு," என்று ஒரு கடைக்காரர் என்னைக் காட்டிச் சொன்னார். ஷீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று ஊர் நினைத்தது. எனக்குத் தெரியும்.

முதலாளி கடை வாசலில் ஏழுமலை வண்டியை நிறுத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார். "எல்லாம் என் தப்புங்க. அவர் கால் ரெண்டும் நல்லா இருக்கு," என்று நாற்காலியிலிருந்து கும்பிட்டேன். முதலாளி அவர் காலைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "நாளைக்கு வந்து பாவு வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போனார். உள்ளே போய்ச் சிரித்தது தெருவுக்கே கேட்டது.

அன்று மாலை இரண்டாவது குரல் பதிவு போட்டேன். ஆறு விநாடி. "அவருக்குக் கால் இருக்கிறது. என்னை மன்னியுங்கள்."

மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த மூன்று வாரமும் எனக்கு அந்தப் போன் காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. நீட்டிய கை, பின்னுக்கு இழுத்த தலை, சுருக்கிய கண். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என் கடையில் அதே மாதிரித்தான் எழுத்து அட்டையைப் பிடிக்கிறார்கள். எட்டு மாதமாக ஜன்னல் வழியாக அந்த முகச்சுளிப்பைப் பார்த்து, இல்லாத காலுக்கு வலி கண்டுபிடித்தவன் ஒரு கண்ணாடிக் கடைக்காரன்!

கட்டுப் பிரித்ததும் நொண்டிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். இந்த முறை பாஸ்டரும் கூட வந்தார். இரண்டு பேர். உட்கார்ந்தோம். காஞ்சனா கொடுத்த டீயைக் குடித்தோம். பிறகு, "நூல் சரியா தெரியுதாண்ணா?" என்று கேட்டேன்.

ஏழுமலை முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒரு வருஷமா மசமசன்னு கீதுங்க. கரையில ரெண்டு தடவ தப்பு வுழுந்துடுச்சி. கண்ணு போச்சுன்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா பாவு குடுக்க மாட்டாரு. அதான் யாராண்டயும் சொல்லல."

காஞ்சனா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். எட்டு மாதத்தில் அந்த வீட்டில் நான் பார்த்த முதல் நிஜக் கண்ணீர் அதுதான்.

கண்ணுக்கும் நெய்கிற இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தேன். அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்தேன். குரல் பதிவு இல்லை, ரிப்பன் இல்லை. டப்பாவைக் கொடுத்தபோது அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"சும்மா வாங்க மாட்டேங்க."

"யார் சும்மா கொடுத்தா? வண்டி தள்ளினீங்களே, அதுக்குக் கூலி."

யோசித்துவிட்டு, "சுத்து வழியா வேற தள்ளுனேன்," என்று வாங்கி மாட்டிக்கொண்டார். தறியில் உட்கார்ந்து குனிந்தார். கரையை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு, "காஞ்சனா, இந்த மயிலுக்குக் கண்ணு வெச்சிருக்கேன் பாரு!" என்றார், அந்த மயிலை வேறு யாரோ நெய்தது போல.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம் ஆகிறது. கரை சுத்தமாக வருவதைப் பார்த்து முதலாளியே விஷயத்தைக் கண்டுபிடித்து, இப்போது அவரும் என் கடையில்தான் கண்ணாடி போடுகிறார். இதை எழுதலாமா என்று ஏழுமலையிடம் கேட்டேன். (ஆமாம், இப்போதெல்லாம் கேட்கிறேன்.) "எழுதிக்கோங்க சார், ஆனா கால் ரெண்டும் கீதுன்னு மொதல் வரியிலயே போட்ருங்க," என்றார். மன்னிக்கவும் அண்ணா, போட்டிருந்தால் கதை போயிருக்கும்.

அந்த நாற்காலி சபையில்தான் இருக்கிறது. இடுப்பு உடைந்தவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் என்று தேவைப்பட்ட வீடுகளுக்கெல்லாம் போய்வருகிறது. யாரும் அதைச் சக்கர நாற்காலி என்று சொல்வதில்லை. "கண்ணாடி சாரை ரெண்டு வாரத்துக்கு அனுப்புங்க" என்றுதான் கேட்கிறார்கள். யாருக்காவது உதவ வேண்டும் என்று நான் உணர்ச்சிவசப்பட்டு ஆரம்பித்தால், ஷீபா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "எழுந்து நிக்கச் சொல்லிப் பாத்தீங்களா?"

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் இருவரும் கேக் எடுத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்குப் போவோம். என் தலை வாசலில் தெரிந்ததுமே அவர் தறியை நிறுத்துவார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே, குழிக்குள்ளிருந்து வலது காலை எடுத்துத் தரையில் வைப்பார். அப்புறம் இடது காலை.

"மொதல்ல எண்ணிக்கோங்க சார். அப்பால கேக்கு வெட்டலாம்."

நானும் ஒவ்வொரு வருடமும் எண்ணுகிறேன்.