வெற்றிலைக்குள் ஒரு பட்ஜெட்

கோட்டையூரில் வாடகைக்குப் பிடித்த பெரிய வீட்டு வாசலில் நூறு ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே பட்ஜெட் சாமி! ஆறு மாதத்துக்கு முன் எங்கிருந்தோ வந்தவர். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால், அரசு எந்த ஊருக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்று தெரியுமாம். ஒதுக்காத ஊருக்கும் ஒரு பூஜையில் ஒதுக்க வைப்பாராம். சாலைக்குக் கால் பவுன், பாலத்துக்கு அரைப் பவுன். கொடுத்தும் வரவில்லையா? "மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவழிக்கல. அம்மன் திருப்பி எடுத்துக்கிட்டா!" கஜானா விதியையும் அம்மன் தலையில் கட்டிய மகான்.

பொன்னுத்தாயி தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். மழை வந்தால் அவர்கள் ஊர் ஓடையை ஆம்புலன்ஸ் தாண்டாது. போன வருடம் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடுதான் தூக்கி வந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்று பக்கத்தில் இருந்த ரீனா அவள் கையைப் பிடித்தாள். கோட்டையூர் பஸ் ஸ்டாப் ஜெராக்ஸ் கடைக்காரி.

சாமி வெற்றிலையை முறைத்தார். "தெரியுது! கோட்டையூர் வடக்கு ஓடைக்குப் பாலம்! நாலு கோடி! நாந்தான் கோட்டையிலருந்து இழுத்தாந்தேன்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பொன்னுத்தாயி மெல்லக் கேட்டாள்: "சாமி, அந்தப் பாலத்து மேலதான இப்ப பஸ்ஸுல வந்தோம்?"

"அது... வேற பாலம்!"

ரீனா எழுந்தாள். "நேத்து கைலியோட வந்து, பட்ஜெட்டுல பாலம் வார பக்கத்தைப் பிரிண்ட் கேட்டீகள்ல? வேணும்னே ரெண்டு வருசத்துக்கு முந்துனதைக் குடுத்தேன். வெத்தலைக்குள்ள கோட்டையே தெரியுது, தாள்ல வருசம் தெரியலையா?"

சிரிப்பில் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. ஏற்கெனவே பவுன் கொடுத்தவர்கள் சாமியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

பொன்னுத்தாயிக்கு அழுகை வந்தது. "அப்ப எங்க ஊருக்குப் பாலம்?"

"மனுக் குடுக்கணும்க்கா. அதிகாரி வந்து அளந்து மதிப்புப் போடணும். துறை பணம் கேக்கணும், சட்டசபை ஓட்டுப் போட்டு ஒத்துக்கணும். அங்க வெத்தலைக்கு ஓட்டு இல்ல. அதுவரைக்கும் மழைன்னா மருமகளை எங்க வீட்டுல கொண்டாந்து விடுங்க."

பொன்னுத்தாயி அங்கேயே தோட்டைத் திருகி மாட்டிக்கொண்டாள். "மனுவை இப்பவே எழுது. நாலு ஊருக் கையெழுத்தும் வாங்கித் தாரேன்."

விரலில் மை வைத்து, ஓட்டுப் போட்டுச் சட்டசபைக்கு அனுப்பியவரிடம் கேட்க வேண்டியதை வெற்றிலை மையிடம் கேட்டால், பாலம் வராது மக்களே. தோடுதான் போகும்.