ரேஷன் அம்மா அளந்து நடந்த மலை

அண்ணாமலையை ஓடிச் சுற்றியவர்கள் உண்டு. தரையில் உருண்டு சுற்றியவர்களும் உண்டு. ஆனால் இந்த மலை தோன்றிய நாள் முதல் இன்றுவரை அதை மிக மிக மெதுவாகச் சுற்றி முடித்தவர் ரேஷன் அம்மா ஒருவர்தான். அவரோடு ஒரு நத்தை கிளம்பியிருந்தால் அது மலையைச் சுற்றி வந்து, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, அவருக்குப் பத்திரிகையும் வைத்திருக்கும்.

நியாயவிலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயர் அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் காலத்தில் அவர் சர்க்கரை நிறுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். தராசு முள் நேராக நின்ற பிறகும் ஒரு சின்னச் சர்க்கரைக் கல்லை நகத்தால் கிள்ளி எடுத்துத் திரும்ப மூட்டையில் போடுவார். ஜாஸ்தியும் கிடையாது, கம்மியும் கிடையாது. அமைச்சர் வீட்டுக் கார்டு வந்தாலும் அதே கிள்ளல்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கி, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக மளிகைக் கடை போட்டு, இன்றைக்கு வெள்ளைக்காரன் கேட்கிற ஓட்ஸ் வரைக்கும் வைத்திருக்கிறேன். எழுபதைத் தாண்டிவிட்டேன். சர்க்கரை என் கடையில்தான் இருக்கிறது, உடம்பில் இல்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ரேஷன் அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. அதற்கு முன்பு பவுர்ணமி தவறாமல் ஒரே மூச்சில் மலையைச் சுற்றியவர். அறுபதைத் தாண்டியபோது தெருமுனைக்குப் போய் வருவதற்குள் உட்கார இடம் தேட ஆரம்பித்தார். டாக்டர், "முடிஞ்ச அளவு தினமும் நடங்கம்மா, முடியலன்னா அங்கேயே நிறுத்திடுங்க" என்று சொன்னார். வேறு யாராக இருந்தாலும் மொட்டை மாடியில் நடந்திருப்பார்கள். ரேஷன் அம்மா மலையைச் சுற்றக் கிளம்பினார்.

முடிந்த இடத்தில் நின்று, பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போடுவார். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை அதே கோட்டில் வந்து இறங்கி அங்கிருந்து நடப்பார். நடுவில் ஒரு எட்டுக்கூட விட்டுப்போகக் கூடாது.

ஷேர் ஆட்டோக்காரர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள்.

"எங்கம்மா எறங்கணும்?"

"நேத்து எங்க ஏறுனேனோ அங்க."

"நேத்து என் வண்டில வரலியேம்மா!"

"அது உன் தப்பு. போ, சொல்றேன்."

காலில் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற செருப்பு வேறு. கிரிவலப் பாதையில் செருப்பா என்று ஒரு பக்தர் அவரை மறித்தாராம்.

"செருப்பு போட்டுக்கினு சுத்தறீங்களே, நியாயமா?"

"இது செருப்பு இல்லப்பா, மருந்து. மாத்திரைய வாய்ல போடறேன், இத கால்ல போடறேன். இத வாய்ல போட்டுக்கோன்னா நீ போட்டுக்குவியா?"

அந்த பக்தர் அதற்குப் பிறகு யாருடைய காலையும் பார்க்கவில்லை என்று கேள்வி.

இப்படி அளந்து அளந்து வந்தவர், நல்ல சித்திரை வெயிலில் ஒரு நாள் காலை என் கடை முன்னால் இறங்கினார்.

"இன்னா மொதலாளி, இந்த மூட்டைங்கள நவுத்துங்க."

"ஏம்மா?"

"என் கோடு இதுக்கு அடியில கீது."

"இது என் கடைம்மா."

"கடை உள்ள இருக்கு. இது நடைபாதை. நடைபாதைல அரிசி நடக்குதா, நான் நடக்கறனா?"

இந்த வட்டாரத்தில் என்னிடம் அப்படிப் பேசிய ஆள் கிடையாது. இருந்தாலும் மூட்டைகளை நகர்த்தினேன். கீழே கோடு இருந்தது. அதில் காலை வைத்து அவர் நடக்கத் தொடங்கினார். வெயிலும் உடம்பும் சேர்ந்து படுத்தியதில் அன்றைக்கு நாலைந்து எட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம். என் கடையைத் தாண்டவே அவருக்குச் சில நாட்கள் பிடித்தன. என் கடை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தினமும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். வாடிக்கையாளருக்கு வழி விட வேண்டுமே, அதற்காகத்தான்.

"ஏம்மா, ஒடம்பு பூரா சர்க்கரை இருக்குன்றீங்க. சர்க்கரைன்னா தெம்புதானே? நீங்க ஓடணுமே?" என்று ஒரு நாள் மடக்கினேன்.

அவர் என்னைக் கார்டு இல்லாமல் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"குடோன்ல மூட்ட மூட்டயா கெடக்கும், வாசல்ல ஜனம் வெறும் பையோட நிக்கும், பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். உங்க கடையிலதான்."

"அதான் என் ஒடம்பு. ரத்தம் குடோன். வாசல்ல நிக்கற ஜனம் செல்லுங்க. பூட்டத் தெறக்கற சாவி இன்சுலின். சாவி கீது, பூட்டு தான் துரு புடிச்சிப் போச்சு. தட்டித் தட்டி ஒரு மூட்ட செல்லுக்குள்ள போனாலும், அங்க சின்னச் சின்னதா அடுப்பு இருக்குதாம், அது சரியா எரியல. எரிஞ்சாத்தானே தெம்பு? அதுலயும் பொம்பளைக்கு, மாசாமாசம் வர்றது நின்னுபோன பின்னாடி, அந்த அடுப்பு இன்னும் மந்தமாயிடுமாம். டாக்டரம்மா படம் போட்டே காட்டினாங்க."

"அப்ப சர்க்கரை ஜாஸ்தி இருந்தும் பட்டினி?"

"ஆமா. நடந்தா அந்த அடுப்பு கொஞ்சம் கொஞ்சமா கூடுமாம். அதான் நடக்கறேன்."

"நடுவுல ஒரு நாள் கோடு அழிஞ்சிபோச்சின்னா?"

"மொதல்லேருந்துதான்." சற்று மூச்சு வாங்கினார். "ஆனா மொதல்லேருந்து தொடங்க என்கிட்ட ஸ்டாக் இல்ல மொதலாளி. இது ஒரு சுத்துதான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் கணக்குப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை என் கடையின் கடைசிக் கதவைத் தாண்டியதும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். ஜாஸ்தியாக இருந்த சர்க்கரை ஒரேயடியாகக் கம்மியாகிவிட்டது. நான் கடைக்குள் ஓடி இரண்டு கையாலும் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"வாயத் தெறங்கம்மா!"

கண் சொருகிய நிலையிலும் என் கையைப் பார்த்தார். "இவ்ளோ எதுக்கு... ஒரு ஸ்பூன் போதும்... கீழ சிந்துது பாருங்க..."

ஸ்பூனில்தான் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் ஆட்டோவில் ஏற்றினோம். ஏறியவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"கோடு."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா!"

"கோடு போடுங்க, அப்பறம் போறேன்."

அவர் பையிலிருந்த சாக்பீஸை எடுத்துக் குனிந்து கோடு போட்டேன். எழுபது வயதில் நான் இவ்வளவு சுலபமாகக் குனிந்ததை டிரைவரே பாராட்டினார்.

ஆஸ்பத்திரியில் காலில் ஒரு புண்ணைக் கண்டுபிடித்து, ஆறும்வரை நடக்கவே கூடாது என்று படுக்க வைத்துவிட்டார்கள். இங்கே சித்ரா பவுர்ணமி நெருங்கிவிட்டது. லட்சக்கணக்கான கால்கள் மிதிக்கப்போகிற பாதையில் ஒரு சாக்பீஸ் கோடு!

கோட்டின் மேல் அதே பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்து, மேலே ஒரு பாறாங்கல்லை வைத்தேன். பவுர்ணமியன்று கூட்டம் கடல்போல வந்து ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போனது. கொஞ்ச நேரத்தில் யாரோ கல்லுக்குக் குங்குமம் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? திருநீறு, பூ, கற்பூரம். ஒருவர் என்னிடம் வந்து பணிவாகக் கேட்டார்.

"பெரியவரே, இது என்ன லிங்கம்ங்க?"

"இன்னும் பேர் வெக்கலிங்க. கற்பூரத்த தள்ளி ஏத்துங்க, பிளாஸ்டிக் உருகிடும்."

கூட்டம் வடிந்த பிறகு, பூவைத் தள்ளிவிட்டு ஸ்டூலைத் தூக்கிப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் ஊற்றிக் கோட்டை அழித்தேன். மின்கம்பத்தைத் தாண்டி, ஒரு பத்துப் பன்னிரண்டு எட்டு முன்னால் புதிதாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஸ்டூலைக் கவிழ்த்தேன். என் கடையில் எடைக்கு மேல் ஒரு மிளகுகூடப் போனதில்லை. ஆனாலும் போட்டேன்.

புண் ஆறி ஒரு நாள் காலை அவர் வந்து இறங்கினார். பாதி உடம்பாகியிருந்தார். நானே முன்னால் போய் ஸ்டூலை எடுத்து, "வாங்கம்மா, உங்க கோடு பத்திரமா இருக்கு" என்றேன்.

கோட்டில் கால் வைக்கப் போனவர் நின்றார். திரும்பி என் கடைப் பலகையைப் பார்த்தார். அப்புறம் கம்பத்தைப் பார்த்தார்.

"மொதலாளி, அன்னிக்கி நான் நின்ன எடத்துலேருந்து பாத்தா உங்க போர்டு முழுசா தெரியும். இன்னிக்கி இந்தக் கம்பம் அதுல பாதிய மறைக்குதே?"

"கூட்டத்துல ஸ்டூல் நவுந்திருக்கும்மா."

"கோடுமா கூட நவுந்துது?"

வியாபாரத்தில் என்னை யாரும் மடக்கியதில்லை. அன்றைக்குக் கையிலிருந்த ஸ்டூலைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தேன்.

"எவ்ளோ சேத்துப் போட்டீங்க?"

"கொஞ்சம்தாம்மா."

"ஊருக்கே நான் ஒரு கல் சர்க்கரை ஜாஸ்தி போட்டதில்ல. எனக்கு யாரும் போட வேணாம்."

கோபமாகத்தான் சொன்னார். ஆனால் மெதுவாகச் சொன்னார். திரும்பி நடந்து, கம்பத்தைக் கடந்து என் கடைசிக் கதவருகே, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் போய் நின்று, அங்கிருந்து தொடங்கினார். ஒரு எட்டு வைத்து நின்றார். மறுபடி ஒரு எட்டு. நான் பக்கத்தில் போனேன். கையை நீட்டவில்லை, நீட்டினால் தட்டிவிடுவார் என்று தெரியும். கம்பத்தைப் பிடித்துச் சற்று நின்று, திரும்ப நடந்தார். நான் போட்ட கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச மூச்சு இல்லை. அன்றைக்கு உடம்பு அளந்து கொடுத்தது அவ்வளவுதான்.

ஸ்டூலை நிமிர்த்திப் போட்டேன். உட்கார்ந்தார். கீழே கோட்டைப் பார்த்தார். சாக்பீஸை வெளியே எடுத்தவர், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு இங்கேருந்து" என்றார்.

சாயங்காலம் கடை சாத்தும்போது கோட்டின் மேல் ஸ்டூலைக் கவிழ்த்துக் கல்லை வைத்தேன். விடியும்வரை அதை யாரும் நகர்த்தவில்லை. நான்கூட.