மிட்டிகேட் பண்ணிய கிணறு

மண்வெட்டியும் அலவாங்கும் இல்லாமல் கிணறு வெட்டவல்லது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஆங்கில வினைச்சொல். இந்த மாபெரும் உண்மையைப் புளியங்குளத்துக்கு அறிவிக்கவே, சண்டை ஓய்ந்து பாதை திறந்த கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வாகனம் வந்து சேர்ந்தது.

விமலேஸ்வரி கேட்டது ஒரு கிணறு. குளத்துத் தண்ணீரைக் குடித்து அவள் மகள் கிருசாந்தி வயிற்றோட்டத்தோடு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தாள். கிடைத்ததோ மூன்று நாள் வகுப்பு; அவர்கள் பாஷையில் 'செயலமர்வு'.

நிறுவனத்தின் இணைப்பாளர் செல்வநாயகம் பெரிய தாளில் 'மிட்டிகேட்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு கீறினார்.

"தண்ணிக் கஷ்டத்தைத் தீர்ப்பம் எண்டு திட்டத்தில எழுதினால் கொழும்புத் தலைமையகத்தில தூக்கி எறிஞ்சுபோடுவாங்கள். மிட்டிகேட் பண்ணுவம் எண்டுதான் எழுதவேணும். கடுமையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். முற்றா இல்லாமல் செய்யிறதில்லை. விளங்கிச்சோ, தங்கச்சி?"

"ஓம் ஐயா. கிணறு எத்தினை அடி?"

"அது மூண்டாம் நாள் பின்னேரம்."

மூன்றாம் நாள் பின்னேரம் குழுப் படம் எடுத்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது, கிணறும் வந்தது. இருபத்தைந்து அடியில்தான் ஊற்று என்று ஊரே சொல்ல, பதினைந்தில் நிறுத்தினார்கள். விமலேஸ்வரி செல்வநாயகத்திடம் ஓடிப்போய்க் கேட்டாள்.

"மிச்சத்தையும் வெட்டினால் கஷ்டம் தீர்ந்திடுமே, தங்கச்சி! அது எங்கட திட்டத்தில இல்லை."

மார்கழி மழையில் கிணறு நிரம்பியிருந்தபோது மதிப்பீட்டாளர் வந்து, எட்டிப் பார்த்து, 'மிட்டிகேட் ஆகியுள்ளது' என்று எழுதிப் போனார். பங்குனியில் அதற்குள் விழுந்த கோழி கால் நனையாமல் உலாவியது. விமலேஸ்வரி பழையபடி குடத்தோடு குளத்துக்கு நடந்தாள். சித்திரையில் கிருசாந்தி மூன்றாம் தரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆவணி வெயிலில் செல்வநாயகம் 'வெற்றிக் கதை' எழுத வந்தார்; கதிரையில் இருந்த உடனே தண்ணீர் கேட்டார். விமலேஸ்வரி கோப்பையைக் கொண்டுவந்து மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினாள். ஒரே மிடறில் குடித்தபின்தான் அடியில் கிடந்த சேற்றை அவர் கண்டார்.

"ஐயோ, இது குளத்துத் தண்ணியெல்லோ! வயித்தோட்டம் வந்திடுமே!"

"பயப்பிடாதேங்கோ ஐயா. உங்களுக்கு அரைக் கோப்பைதான் வாத்தனான். மிட்டிகேட் ஆகித்தான் வரும். என்ரை பிள்ளை குடிக்கிறதுதான் முழுக் கோப்பை."