அந்த ஒன்றரைக் கிலோ

குளியலறைத் தராசு எண்பத்தொன்றரை காட்டியது. சிட்டு இறங்கி, பனியனைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினான். அதே எண்பத்தொன்றரைதான்.

மல்யுத்தக் காட்சிக் கம்பெனியில் எட்டு வருஷமாக அவன்தான் சிறு எடைப் பிரிவின் சாம்பியன். எண்பதைத் தாண்டினால் பெல்ட் போய்விடும். சனிக்கிழமை ஜனங்கள் முன்னால் எடை பார்ப்பதாக முதலாளி திடீரென்று அறிவித்திருந்தார்.

"ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் அங்க முன்னாடியே பேசி வெச்சதுதானே?" என்றாள் மனைவி.

"எடை மட்டும் நிஜம். மெஷின்கிட்ட பேசி வைக்க முடியுமா?"

"பெல்ட் போனா?"

"வேலையும் போச்சு. முப்பத்தெட்டு வயசுல என்னை எவன் சேத்துப்பான்?"

அது அப்படியொன்றும் ராஜ உத்தியோகமும் இல்லை, பாவம். சிறு எடைக்காரர்கள் கயிற்றில் ஏறித் தாவ வேண்டும், மைக் தரமாட்டார்கள். ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போகிற நேரம் அவர்களுடையது. கடைசியில் 'மலை' என்கிற பெரிய எடைக்காரன் வந்து, மோதிக்கொண்டிருக்கிற இருவரையும் குப்பை மூட்டை மாதிரி வெளியே எறிவான்.

சிட்டு சாப்பாட்டை நிறுத்தினான். ஒத்திகையில் தலை சுற்றி, எதிராளி மேல் விழ வேண்டியவன் தரையில் விழுந்தான். முட்டி வீங்கிவிட்டது. ஓடி வியர்க்க வழியில்லாமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடித்தான். அண்டா சாய்ந்து தொடை வெந்தது. புண்ணுக்குக் கொடுத்த மாத்திரையில் உடம்பு ஊதி, தராசு எண்பத்திரண்டு காட்டியது.

கடைசியில் தண்ணீரையும் நிறுத்தினான். வெள்ளிக்கிழமை சிறுநீர் சிவப்பாகப் போனது.

"செத்துத் தொலைங்க, எடையே இருக்காது," என்று அழுதாள் மனைவி.

"பொணம் இன்னும் கனக்கும்னு சொல்வாங்க," என்றான் சிட்டு.

சனிக்கிழமை மெஷின் எழுபத்தொன்பதே முக்கால் காட்டியது. கூட்டம் கை தட்டியது. முதலாளி மட்டும் எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிட்டு பெல்ட்டைக் கட்டிப்பிடித்தபடியே மயங்கி விழுந்தான்.

கண் விழித்தபோது மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் கிடந்தான். பக்கத்தில் கம்பெனி டெய்லர், மடியில் ஒரு பெரிய ஜிகினா அங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"பெல்ட் தப்பிச்சுதுல்ல, டெய்லரண்ணே?"

டெய்லர் அங்கியை மெதுவாக மடித்தார்.

"கூட்டத்துக்கு முன்னாடி உன் முகம் நிஜமா வாடணும்னுதான் உன்கிட்ட யாரும் சொல்லலப்பா. எடை கூடிப்போச்சுன்னு உன்னைப் பெரிய பிரிவுக்கு ஏத்தி, கையில மைக் குடுத்து, இன்னிக்கு மலையை ஜெயிக்க விடறதா இருந்தாங்க."