மரபணு விழாவில் நான் கொடுத்த உறுதிமொழி

பயந்தவர் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கத்தியைக் கொடுத்தால்கூட அவர் தன் விரலைத்தான் வெட்டிக்கொள்வார். மைக்கைக் கொடுத்தால் ஒரு மண்டபத்தையே கலைத்துவிடுவார். இது நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. கலைத்ததே நான்தான்.

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. பல்லி, லிஃப்ட், தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், கண்டக்டரிடம் சில்லறை கேட்பது என்று நான் பயப்படும் பொருளுக்குத் தட்டுப்பாடே வந்ததில்லை. மரபியலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததற்குக்கூட அதுதான் காரணம். ஆய்வகத்தில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். (சொன்னவர் எங்கள் மேடத்தைப் பார்த்ததில்லை.)

மேடம் என்றால் என் ஆராய்ச்சி வழிகாட்டி. ஒருநாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு, ஊர் மக்களுக்காக ஒரு மரபணு விழா நடத்தப்போகிறோம் என்றார். காரணத்தையும் சொன்னார். உலகத்தில் இதுவரை சேர்த்துவைத்திருக்கும் மரபணுத் தகவலில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் பக்கத்து ஆட்களுடையது மிகக் கொஞ்சம். அதனால் நம்மூர்க்காரர் ஒருவர் நோய்க்குப் பரிசோதனை செய்துகொண்டால், ‘இவர் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, ஆனால் அது கெடுதலா இல்லையா என்று தெரியவில்லை’ என்று முடிவு வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

“நம்ம ஆளுங்க எல்லாரும் அதுல இருக்கணும். விவசாயி, வியாபாரி, எல்லாத் தெருவும், எல்லாச் சாதியும், எல்லா மதமும். அவங்க நம்பி வரணும்னா முதல்ல நாம போய்ப் பேசணும்” என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ‘நாம’ என்பதில் நானும் இருப்பேன் என்று அப்போது தோன்றவில்லை.

திருப்பரங்குன்றம் பக்கம், முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. முந்தின நாள் மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ வாங்கி, டி.என்.ஏ. வடிவத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முறுக்கேணி கட்டினோம். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள் என்பதால் நான்கு பூ: மல்லிகை, செவ்வந்தி, அரளி, கோழிக்கொண்டை. மணமக்கள் உட்காரும் இடத்தில் அதை நிறுத்தியபோது, பந்தல்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாப்ள பேரு என்னங்க, போர்டுல போடணும்ல” என்று கேட்டார்.

மேடையில் பேச வேண்டியவர் எங்கள் சீனியர் அண்ணன். நான் வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டியவள். விழா அன்று காலை அண்ணனுக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிக்கொண்டது. அவர் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மேடம் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஒதுங்கியதாலேயே கண்ணில் பட்டேன்.

“ஷமீமா, நீ பேசிடு. உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். தெரிவதற்கும் சொல்வதற்கும் நடுவில்தான் என் உயிர் போகும். பன்னீர்ச் செம்பைக் கீழே வைக்கும்போதே பாதி பன்னீர் என் காலிலேயே கொட்டிவிட்டது.

அதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அதில் பாதிப் பேரை அழைத்து வந்தது என் அத்தா. (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) தெற்குமாசி வீதிப் பக்கம் பட்டனும் தையல் நூலும் விற்கும் கடை அவருடையது. ஊரில் உள்ள டெய்லர்கள் பாதிப் பேர் அவருக்கு வாடிக்கை. ‘எம்மக நடத்துற விழா’ என்று சொல்லிச் சொல்லி அத்தனை பேரையும் குடும்பத்தோடு வரவழைத்திருந்தார். அவர்களுக்குப் பின்னால் செக்கானூரணிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

அந்த வேனில் வந்தவர் தவசி. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வெயிலில் நன்றாக நடந்து வந்தவர், மண்டபத்தின் நிழலுக்குள் நுழைந்ததும் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி பேச்சியம்மாள்தான் என்னிடம் பேசினார்.

“வெளிச்சம் கம்மியானா இவருக்குக் கண்ணு தெரியாதும்மா. இவுக அண்ணனுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு. இப்ப அவுக வீட்டவிட்டே வாரதில்ல. ஆஸ்பத்திரியில என்னமோ மாத்தம் இருக்குன்றாக, அதுதானான்னு தெரியலன்றாக. நீங்க இம்புட்டுப் பேரு சேந்து பாத்தா தெரியுமா?”

“தெரிய வாய்ப்பு இருக்குக்கா” என்றேன்.

“அதுபோதும்” என்று கணவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். என் பயம் அப்போது இரண்டு மடங்கானது. அதுவரை மானம்தான் போகும் என்று நினைத்திருந்தேன். இப்போது ஒருவர் கண்ணும் என் பேச்சில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மேடையேறினேன். மனப்பாடம் செய்ததைக் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஒப்பித்தும்விட்டேன். பிரச்சினை செய்முறையில் வந்தது. ரத்தம் எடுக்க மாட்டோம், இந்தக் குழாயில் கொஞ்சம் எச்சில் துப்பினால் போதும், முதலில் நானே துப்பிக் காட்டுகிறேன் என்று சொல்லிக் குழாயை வாயருகே கொண்டுபோனேன்.

வரவில்லை.

பயத்தில் வாய் வறண்டு போகும் என்பது எனக்குப் பாடமாகவே தெரியும். அந்தப் பாடத்துக்கு நானே படமாக நின்றேன். கன்னத்தை உள்ளிழுத்தேன், நாக்கைச் சுழற்றினேன், ஒன்றுமில்லை. மண்டபமே என் வாயைப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா பரிதாபப்பட்டு, “புளியங்காய நெனச்சுக்க பாப்பா” என்றார். நினைத்தேன். கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

அந்த நேரம் பார்த்து, வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் மூன்றாவது வரிசையில் எழுந்தார்.

“பாப்பா, ஒரு சந்தேகம். இத வச்சு யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு கண்டுபிடிக்கலாமா?”

இதற்குப் பதில் எங்களிடம் தயாராக இருந்தது. ‘நாங்கள் அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை. குழாயில் பெயரும் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும்.’ அவ்வளவுதான். மேடையின் ஓரத்தில் நின்று மேடம் வாயசைத்து எடுத்துக்கொடுக்கிறார். எனக்கு அது தெரிகிறது. ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. எப்படியாவது இவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு இறங்க வேண்டும் என்ற ஒரே வெறியில் சொன்னேன்:

“கண்டுபிடிக்கலாங்க. ஆனா நீங்க யாரும் பயப்படாதீங்க. தெரிஞ்சாலும் நாங்க வெளிய சொல்ல மாட்டோம்.”

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து, இன்னும் கொஞ்சம் ஆறுதல் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

“இது மதுரையில மட்டும் இல்லீங்க. உலகத்துல எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்.”

மைக்செட்காரர் தானாகவே மைக்கை அணைத்தார். (அவருக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.) ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நாற்காலிகள் பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம் அலைபோல வந்தது. “என்ன பேச்சு பேசுது இந்தப் பிள்ள”, “நம்ம பொம்பளைகள என்னன்னு நெனச்சாக” என்று குரல்கள் எழுந்தன. அத்தாவின் வாடிக்கையாளர் ஒருவர் தன் மகனின் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டிக்காரரும் இன்னும் சிலரும் மேடையை நோக்கி வந்தார்கள். நியாயம் கேட்கத்தான் வந்தார்கள் என்று இப்போது புரிகிறது. அன்று நான் அவர்கள் கைகளை மட்டுமே பார்த்தேன். எல்லாம் பெரிய பெரிய கைகளாக இருந்தன.

நான் பின்னால் நகர்ந்தேன். இன்னும் நகர்ந்தேன். முதுகில் ஈரமாக ஏதோ பட்டது. திரும்புவதற்குள் பூ முறுக்கேணி மெதுவாகச் சாய்ந்து, என்னையும் சாய்த்துக்கொண்டு மேடையில் விழுந்தது.

அடிபடவில்லை. மூச்சு முட்ட மல்லிகை வாசனை. எழுந்திருக்க முடியும் என்று தெரிந்தும் எழவில்லை. அதற்குள்ளேயே இருந்துவிட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாட்டன் காலத்து துஆ எல்லாம் ஓதினேன். மீதிக் கதையை நான் காதால்தான் கேட்டேன்.

முதலில் பேச்சியம்மாளின் குரல் கேட்டது. “எல்லாரும் செத்த ஒக்காருங்க. அந்தப் பிள்ள பயந்துபோயி ஒளறிருச்சு. நான் அதுக்கு வரல. எம்புருசன் கண்ணுக்கு வந்தேன்.” பிறகு கணவரிடம் திரும்பினார் போலிருக்கிறது. “நீங்க எந்திரிச்சுத் துப்புங்க. எனக்கென்ன பயம்?”

அந்தக் கடைசிக் கேள்வி மண்டபத்திலிருந்த ஒவ்வொரு பெண் மேலும் போய் உட்கார்ந்ததை, பூவுக்கு அடியிலிருந்தே என்னால் உணர முடிந்தது. பேச்சியம்மாளுக்குப் பயமில்லை என்றால், மற்றவர்களுக்கு?

“ஏங்க, நீங்களும் போங்க” என்றது ஒரு குரல். “எனக்கு மட்டும் என்ன பயமா? போய்த் துப்பிட்டு வாங்க” என்றது இன்னொன்று. “டேய், அப்பா கூட நீயும் போடா.” இழுத்த நாற்காலிகள் மறுபடி இழுபட்டன.

மேடம் பூவை விலக்கி என்னைத் தூக்கி நிறுத்தியபோது, மேடையிலிருந்து வாசல் வரை வரிசை நின்றது. ஒவ்வொரு ஆணுக்குப் பின்னாலும் ஒரு பெண், தள்ளிக்கொண்டு. அதில் என் அம்மாவும் இருந்தார். அவருக்கு முன்னால் அத்தா. அவர் வேர்த்து விறுவிறுத்து, வரிசையை விட்டு நழுவ வழி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும்தான் அப்படி நின்றார்.

என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “பாப்பா, ஒண்ணு கேக்கணும். அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

நான் அந்த நிமிடம் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்கு அண்ணன் தம்பி யாராவது எங்காவது இருக்கிறார்களா என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

“வரும்போது பஸ் ஸ்டாண்டுல கொஞ்சூண்டு அல்வா சாப்பிட்டேன். இதுல தெரிஞ்சிருமா?”

அத்தாவுக்குச் சர்க்கரை வியாதி.

“தெரியாது அத்தா” என்றேன். அவர் நிமிர்ந்து, மார்பை விரித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மேடம் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“இதை நாம வாங்கக் கூடாது ஷமீமா. இவங்க யாரும் விருப்பப்பட்டு வரல. வரலன்னா வீட்டுல பேர் கெடும்னு வந்து நிக்கறாங்க. பயந்து குடுக்கறது சம்மதம் ஆகாது. எல்லாரையும் திருப்பி அனுப்பணும்.” மைக்கை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். “நீ ஆரம்பிச்சது. நீயே முடி.”

தலையில் கோழிக்கொண்டைப் பூவோடு மறுபடி நின்றேன். பயத்துக்கும் ஒரு எல்லை உண்டு போலிருக்கிறது. அதைத் தாண்டியதும் நாக்கு தானாகப் புரண்டது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். யாருக்கு யார் பிள்ளை என்று நாங்கள் பார்ப்பதே இல்லை, பார்க்கவும் எங்களுக்கு உரிமை இல்லை என்றேன். இன்று யாரிடமும் எதுவும் வாங்கப்போவதில்லை. வீட்டில் போய் யோசியுங்கள். தர வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரிதான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

“அப்ப நாங்க தள்ளிக்கிட்டு நின்னது வீணா?” என்று ஒரு பெண் கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ளை வேட்டிக்காரர்கூட, “சாப்பாடு உண்டுல்ல?” என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போனார்.

தவசி மட்டும் நகரவில்லை. “எங்களையும் அனுப்புறீகளா?” என்றார். அவரையும் மனைவியையும் மேடம் தனி அறையில் உட்கார வைத்து நிதானமாக எல்லாம் சொல்லி, இரண்டு நாள் யோசித்துவிட்டு வரச் சொன்னார். வந்தார்கள். அவருடைய அண்ணனும் வந்தார், ரொம்ப நாளைக்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே. அடுத்த மாதங்களில் அந்த வேனில் வந்தவர்களில் பலரும், டெய்லர்களில் சிலரும் அவரவராக வந்தார்கள். தவசிக்குக் கண் திரும்பவில்லை. அதற்கு இன்னும் மருந்தில்லை. ஆனால் அந்த மாற்றம்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகளை இப்போது வருடாவருடம் டாக்டரிடம் காட்டுகிறார்கள். முன்பு சாபம் என்று சொன்னவர்கள், இப்போது அந்த நோயின் பெயரைச் சொல்கிறார்கள் என்றார் பேச்சியம்மாள்.

எனக்குக் கிடைத்தது வேறு. போன வருடம் எனக்கு மகள் பிறந்தாள். திண்டுக்கல்லிலிருந்து மாமியார் வந்து, பிள்ளையைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூக்கு எங்க பக்கத்து மூக்கும் இல்ல, உங்க பக்கத்து மூக்கும் இல்லையே. யாரு சாயலு இது?”

வாசலில் நின்ற அத்தா பட்டென்று சொன்னார்: “தெரியும் சம்மந்தி. ஆனா நாங்க வெளிய சொல்ல மாட்டோம்.”

மாமியாருக்கு இந்தக் கதை தெரியாது. அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார். என் வாய் வறண்டுபோனது. நான் விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். என் கணவர் கட்டிலைச் சுற்றி ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

“நீ பேசாத. தயவுசெஞ்சு நீ மட்டும் பேசாத. அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்.”